வெயிலுக்குள் போன ஐஸ் பெட்டி

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், புரூக்வில் என்ற ஊருக்கு அருகே தாமஸ் மூர் என்றொரு விவசாயி இருந்தார். அவர் வெண்ணெயை ஜார்ஜ்டவுன் சந்தைக்குக் கொண்டுபோய் விற்பார். ஏறத்தாழ 20 மைல் தூரம், குதிரைமேல் பயணம். கோடைக்காலத்தில் சந்தை போய்ச் சேர்வதற்குள் வெண்ணெய் இளகிக் குழைந்துவிடும். அதற்குப் பயந்தே விவசாயிகள் இராத்திரியில் கிளம்பி விடியுமுன் சந்தையை அடைவார்கள். மூர் பகலிலேயே போக விரும்பினார். தேவதாரு மரத்தில் நீள்வட்டமாக ஒரு தொட்டி செய்து, அதற்குள் தகரப் பெட்டியொன்றை வைத்தார். இரண்டுக்கும் நடுவே ஐஸ். தொட்டியைச் சுற்றி முயல் ரோமம் வைத்துத் தைத்த துணியைப் போர்த்தினார். சந்தையில் மற்றவர்களின் வெண்ணெய் குழம்பாகக் கிடக்க, மூருடைய வெண்ணெய் ஒரு பவுண்டுக் கட்டிகளாக, இறுக்கமாக இருந்தது. வாங்கியவர்கள் கூடுதல் விலை கொடுத்தார்கள். 1803இல் இந்தப் பெட்டிக்குக் காப்புரிமை கிடைத்தது. அப்போது ஜனாதிபதியாக இருந்த தாமஸ் ஜெஃபர்சனும் ஒன்று வாங்கிக்கொண்டார்.

கோடைத் திருவிழா மைதானங்களில் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்கள் இன்று இழுத்துக்கொண்டு போகும் ஐஸ் பெட்டிக்கு இந்த வெண்ணெய்த் தொட்டிதான் மூத்த முன்னோர். வீட்டு ஃப்ரிட்ஜின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் மூரை அதற்குள் சேர்த்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அவருடைய பெட்டி வழியில் போவதற்காகவே பிறந்தது. அது தானாக எதையும் குளிரவைக்காது. வெளிச்சூடு உள்ளே நுழைவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. இந்தப் பொருளின் இருநூறு வருட வாழ்க்கையை அதன் சுவருக்குள் எதை அடைத்தார்கள் என்பதை வைத்தே சொல்லிவிடலாம்.

முயல் ரோமத்துக்கு அடுத்து வந்தது மரத்தூள். அதைக் கொண்டுவந்தவர் பாஸ்டன்காரரான ஃபிரெடெரிக் டூடர். 1806இல் அவர் நியூ இங்கிலாந்தின் குளத்து ஐஸைக் கப்பலேற்றி, கரீபியன் தீவான மார்ட்டினீக்குக்குக் கொண்டுபோனார். ஊரார் சிரித்தார்கள். ஐஸ் போய்ச் சேர்ந்தது. ஆனால் இறக்கி வைக்க அங்கே தகுந்த கிடங்கு இல்லாததால் கண்ணெதிரே கரைந்தது. கடன் முற்றிச் சிறைக்கும் போனார். அப்படியும் விடவில்லை. ஐஸ் போகும் ஊரில் முதலில் அதற்கொரு வீடு கட்ட வேண்டும், பிறகுதான் கப்பலை அனுப்ப வேண்டும் என்பதை அந்த நஷ்டத்தில்தான் கற்றுக்கொண்டார். மரம் அறுக்கும் ஆலைகள் வேண்டாமென்று ஒதுக்கிய தூளை வாங்கிக் கட்டிகளைச் சுற்றித் திணித்தார். நத்தானியல் வையெத் என்பவர் 1820களில் குதிரை இழுக்கும் ஐஸ் கலப்பையை உருவாக்கிக் கொடுத்தார். அதன் பிறகு கட்டிகள் ஒரே அளவில், செங்கல் அடுக்குவதுபோல இடைவெளியின்றி அடுக்க வசதியாகக் கிடைத்தன.

இடைவெளி இல்லாமல் அடுக்குவது சாதாரண விஷயமில்லை. ஐஸ் உருகுவது அதன் மேற்பரப்பில். நூறு சிறு துண்டுகள் தனித்தனியே கிடந்தால் ஒவ்வொன்றுக்கும் ஆறு பக்கமும் சூடு படும். அதையே ஒரே மலையாக அடுக்கினால் வெளிப்பக்கம் மட்டும் உருகும், உள்ளே இருப்பது தப்பிக்கும். 1833இல் 'டஸ்கனி' என்ற கப்பல் டூடரின் 180 டன் ஐஸோடு பாஸ்டனிலிருந்து கிளம்பி, நிலநடுக்கோட்டை இரண்டு முறை கடந்து, நான்கு மாதம் கழித்துக் கல்கத்தா சேர்ந்தபோது ஏறக்குறைய 100 டன் மிச்சமிருந்தது. அந்த நான்கு மாதமும் கப்பலில் குளிரூட்டும் இயந்திரம் எதுவும் கிடையாது. ஐஸைச் சுற்றி அடைத்த பொருளும் அடுக்கிய விதமும்தான் அதைக் காப்பாற்றின.

சென்னைக்கும் அந்த ஐஸ் வந்தது. துறைமுகம் இல்லாத காலம். கப்பல் தள்ளி நிற்க, அலையைத் தாண்டி மசூலாப் படகுகளில்தான் சரக்கு கரையேறும். கடற்கரையோரம் 1842இல் எழுந்த ஐஸ் ஹவுஸ், டூடர் மார்ட்டினீக்கில் கற்ற பாடத்தின் சென்னை வடிவம். இயந்திர ஐஸ் வந்ததும் அந்த வியாபாரம் படுத்தது. கட்டடம் பிலிகிரி அய்யங்கார் என்பவர் கைக்குப் போய், 1897இல் விவேகானந்தர் தங்கிய இடமாகி, இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. ஐஸ் இறங்கி ஒன்றரை நூற்றாண்டு ஆன பிறகும் அந்த வட்டாரத்துக்கு ஐஸ் ஹவுஸ் என்றுதான் பெயர். மாசசூசெட்ஸின் வால்டன் குளத்தில் ஐஸ் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்த எழுத்தாளர் தோரோ, அது மதராஸ்வரை போவதை நினைத்துத் தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்.

வீட்டுக்குள் மின்சார ஃப்ரிட்ஜ் நுழைந்ததும் ஐஸ் பெட்டிக்கு அங்கே வேலை போயிற்று. அதை மறுபடி வாழவைத்தது கார். 1947இல் அமெரிக்காவின் டெக்ஸாஸில் தொடங்கிய இக்லூ நிறுவனம் வேலைத்தளத் தொழிலாளிகளுக்காக உலோகத் தண்ணீர்க் கலன்கள் செய்தது. 1950களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் 'எஸ்கி' என்ற பெட்டி கடைக்கு வந்தது. இல்லினாய் மாநிலத்து ரிச்சர்ட் லாரமி, கையில் தூக்கிப் போகும் ஐஸ் பெட்டி ஒன்றுக்கு 1951இல் விண்ணப்பித்து 1953இல் காப்புரிமை பெற்றார். 1957இல் கோல்மேன் நிறுவனம் பெட்டிக்குப் பிளாஸ்டிக் உள்ளுறை கொடுத்தது. துரு, கசிவு, நாற்றம் மூன்றும் குறைந்தன. பிறகு சுவருக்குள் நுரை வந்தது. நாம் தெர்மாகோல் என்கிற பொருளில் பெரும்பகுதி காற்றுதான். சின்னச் சின்னக் குமிழிகளில் சிறைப்பட்ட காற்று அசையாது. அசையாத காற்று சூட்டை எளிதில் கடத்தாது. முயல் ரோமமும் மரத்தூளும் செய்த வேலை இதுவேதான். 2006இல் டெக்ஸாஸில் தொடங்கிய யெட்டி நிறுவனம் தடித்த பாலியுரித்தேன் நுரையோடு, மேலே ஏறி நின்றாலும் உடையாத பெட்டியைக் கொண்டுவந்தது. விலையைக் கேட்டால் மலைப்பாக இருக்கும்.

பெட்டியின் இன்றைய வாழ்க்கையைப் பார்க்க இங்கிலாந்தின் சாமர்செட்டுக்குப் போக வேண்டும். பில்டன் கிராமத்தில் மைக்கேல் ஈவிஸின் வொர்த்தி பண்ணையில் 1970 செப்டம்பரில் முதல் கிளாஸ்டன்பரி இசை விழா நடந்தது. நுழைவுச்சீட்டு ஒரு பவுண்டு; பண்ணைப் பால் இலவசம். இப்போது அது ஜூன் கடைசியில், புதன் முதல் ஞாயிறு வரை, இலட்சக்கணக்கானோர் கூடாரத்தில் தங்கும் விழா. கண்ணாடிப் பாட்டிலுக்கு அனுமதி கிடையாது. ஆகவே பெட்டிக்குள் போவது கேனும் அட்டைப்பெட்டிப் பானமும்தான். கார் நிறுத்துமிடத்திலிருந்து கூடாரம்வரை எல்லாவற்றையும் சுமந்தோ இழுத்தோ போக வேண்டும். அந்தப் பருவத்தில் அங்கே ஐந்து மணிக்கே சூரியன் வந்துவிடும். வெயில் நாளென்றால் ஏழெட்டு மணிக்குள் கூடாரத்தின் உள்ளே இருக்க முடியாது. பெட்டியைக் கூடாரத்துக்குள் வைப்பது பத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். பகலில் அதைவிட மோசமான இடமில்லை. காற்றோடும் நிழல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பெட்டி இருக்க வேண்டும்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். 330 மில்லி கேன் 24 என்றால் ஏறக்குறைய 8 லிட்டர். 25 டிகிரியில் இருக்கும் அந்தப் பானத்தை 5 டிகிரிக்கு இறக்க 160 கிலோகலோரி வெப்பத்தை எடுக்க வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது உறிஞ்சுவது 80 கிலோகலோரி. ஆக, சூடான கேன்களை அப்படியே பெட்டிக்குள் போட்டால் இரண்டு கிலோ ஐஸ் முதல் மணிநேரங்களிலேயே காலி. வீட்டு ஃப்ரிட்ஜில் முந்தின நாளே குளிரவைத்துக்கொண்டு போனால் அந்த இரண்டு கிலோவும் மைதானத்துக்கு மிச்சம். பெட்டியையும் முந்தின இரவே கொஞ்சம் ஐஸ் போட்டுக் குளிரவைக்கலாம். சூடேறிய சுவரும் ஐஸைத் தின்னும்.

தூள் ஐஸைவிடக் கட்டி ஐஸ் நீடிக்கும். டூடரின் கப்பல் சொன்னதும் அதைத்தான். வீட்டில் கட்டி ஐஸ் செய்ய எளிய வழி, தண்ணீர் பாட்டிலை உறையவைப்பது. உறையும்போது தண்ணீர் ஒன்பது சதவீதம் போல விரியும், ஆகவே கழுத்துவரை நிரப்பக் கூடாது. உருகிய பிறகு அதைக் குடித்தும் விடலாம். பெட்டிக்குள் வெற்றிடம் இருந்தால் துண்டு, துணி எதையாவது திணித்து அடைக்க வேண்டும். மூடி திறக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் வெயிற்காற்று புகும். குளிர்ந்த காற்று கனமானது, கீழே தங்கும். மேலே மூடி வைத்த பெட்டி அதனால்தான் பக்கவாட்டுக் கதவை விட உகந்தது.

உருகிய தண்ணீரை உடனே வடித்துவிடுகிறவர்களைப் பார்த்தால் தடுக்கத் தோன்றும். ஐஸ் மிதக்கும் தண்ணீர் பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறது, கேனைச் சுற்றி முழுக்கத் தொடுகிறது. காற்றில் கிடக்கும் ஐஸைவிட அது வேகமாகக் குளிரவைக்கும். பாலும் இறைச்சியும் வேறு பெட்டியில் இருந்துவிட்டால் தண்ணீர் புகுமோ என்ற பயமும் இல்லை. பானப் பெட்டியை நாள் முழுக்கத் திறப்பார்கள். சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பது மூன்று வேளை. இரண்டையும் ஒன்றாக்கினால் பால் முதலில் கெடும்.

ஐஸே கிடைக்காதவர்களுக்கும் ஒரு வழி இருந்தது. 1890களில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கூல்கார்டி தங்க வயல்களில் கூடாரம் போட்டவர்கள் ஒரு கூண்டைச் சாக்குத் துணியால் மூடி, மேலே ஒரு தட்டில் தண்ணீர் வைத்துத் துணியை ஈரமாகவே காத்தார்கள். ஈரம் ஆவியாகும்போது உள்ளிருந்த சூட்டை எடுத்துப் போகும். நம் மண்பானையின் வேலையும் அதுதான். சித்திரைத் திருவிழாவின்போது மதுரையின் வறண்ட வெயிலில் தண்ணீர்ப்பந்தல் பானை நன்றாகக் குளிரும். சென்னையின் கடற்கரைப் புழுக்கத்தில் அதே பானை அவ்வளவு குளிராது. கிளாஸ்டன்பரியில் காற்று வறண்டு வீசும் நாளில் பெட்டிமேல் ஈரத்துண்டு போர்த்தினால் பலன் உண்டு. மழை நாளில் வீண்.

விழா முடிந்த பிறகுதான் பெட்டிகளின் தலைவிதி பிரிகிறது. மெல்லிய தெர்மாகோல் பெட்டி ஓரம் உடைந்து, மணி மணியாக உதிர்ந்து புல்லில் கலக்கும். மாடு மேயும் பண்ணையில் அது கிடப்பது எனக்கு வேதனை. தடித்த பெட்டி பல வருடம் வரும். வீடு திரும்பியதும் தண்ணீரை வடித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் சமையல் சோடா கரைத்துக் கழுவி, வடிகுழாயின் அடைப்பையும் கழற்றித் துடைத்து, மூடியைத் திறந்தே வைத்து உலர்த்த வேண்டும். ஈரத்தோடு மூடினால் அடுத்த கோடைக்குள் பூஞ்சை பிடித்துவிடும்.