டிக்கெட் புத்தகம் முதல் ஆண்டு பாஸ் வரை

நீச்சல் குளத்துக்கு மாதச் சந்தாவா, தடவைக்கு இவ்வளவு என்று கட்டணமா? அமெரிக்காவின் டிஸ்னிலேண்ட் பூங்காவும் இந்தக் கேள்விக்குப் பலமுறை விடையை மாற்றியிருக்கிறது.

கலிபோர்னியாவில் 1955 ஜூலையில் அது திறந்தபோது பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 1 டாலர்தான். ஆனால் உள்ளே ஒவ்வொரு சவாரிக்கும் தனிக் காசு. அக்டோபரில் டிக்கெட் புத்தகம் வந்தது. 'ஏ' டிக்கெட்டுக்குச் சின்னச் சவாரிகள். 1959இல் சேர்ந்த 'ஈ' டிக்கெட்டுக்கு மிகச் சிறந்தவை. 1982இல் புத்தகம் ஒழிந்தது. ஒரே கட்டணத்தில் எல்லாச் சவாரியும் என்றானது.

அடுத்து ஆண்டு பாஸ் வந்தது. அக்கம்பக்கத்தார் மாலை நடைக்குப் போவதுபோலப் போய்வந்தார்கள், கூட்டமும் பெருகியது. கொரோனாவால் பூங்கா மூடிக்கிடந்த 2021 ஜனவரியில் பாஸ் திட்டமே நிறுத்தப்பட்டது. ஆகஸ்டில் 'மேஜிக் கீ' என்ற பெயரில் திரும்பியது. ஆனால் வரும் நாளை முன்பதிவு செய்ய வேண்டும். நினைத்தபோது போகும் சுதந்திரம் போயிற்று.

புளோரிடாவிலுள்ள டிஸ்னி விடுதிகளில், சாப்பாட்டுக்கு முன்கூட்டியே பணம் கட்டும் திட்டம் 2005இல் வந்து, 2020இல் நின்று, 2024 ஜனவரியில் மீண்டது.

மொத்தமாகக் கட்டினால் கணக்குப் பார்க்காமல் அனுபவிக்கலாம், கூட்டத்தையும் சேர்த்துத்தான். குளத்துக்கு எந்த முறை என்று முடிவெடுக்கும்போது இதையும் நினைவில் கொள்வோம்.