விதியும் விலக்கும்: கியூபாவுக்கான அர்ஜென்டின மகிழுந்து ஏற்றுமதியும் 1974ஆம் ஆண்டின் அமெரிக்க உரிமமும்

முன்னுரை

ஹவானா நகரத் தெருக்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 1950களின் செவ்ரோலெட், பியூக் வண்டிகளிலிருந்தே தொடங்குகின்றனர். அமெரிக்கா வணிகத் தடை விதித்த பின்னர், அமெரிக்கப் பெயர் தாங்கிய புதிய மகிழுந்து எதுவும் கியூபாவில் இறங்கவில்லை என்பது பரவலான நம்பிக்கை. அது முழுவதும் சரியன்று. 1970களின் நடுப்பகுதியில் ஃபோர்டு ஃபால்கன், டாட்ஜ், செவ்ரோலெட் எனும் பெயர்களுடன் புத்தம்புதிய மகிழுந்துகள் கியூபாவுக்கு வந்தன. அவை டெட்ராய்ட்டில் செய்யப்பட்டவை அல்ல, அர்ஜென்டினாவில் செய்யப்பட்டவை. அவற்றை விற்பதற்கு 1974 ஏப்ரல் 18 அன்று இசைவளித்தது, தடையை விதித்த அதே அமெரிக்க அரசு.

இந்த இசைவைக் கியூபா மீதான தடைத் தளர்வின் முதற்படியாகக் கருதுவது வழக்கம். இக்கட்டுரை அக்கருத்தினின்று வேறுபடுகிறது. அன்று வாஷிங்டன் எதிர்கொண்ட வினா கியூபாவைப் பற்றியது என்பதைவிட அர்ஜென்டினாவைப் பற்றியது எனலாம். அர்ஜென்டினச் சட்டப்படி பதிவு பெற்று, அந்நாட்டு மண்ணில், அந்நாட்டுத் தொழிலாளரைக் கொண்டு இயங்கும் ஒரு தொழிற்சாலை யாருடைய ஆணைக்குக் கட்டுப்பட்டது என்பதே அவ்வினா.

தடையும் அதன் எல்லையும்

1960 அக்டோபரில் ஐசனோவர் அரசு உணவு, மருந்து நீங்கலாகக் கியூபாவுக்கான ஏற்றுமதியை நிறுத்தியது. 1962 பிப்ரவரியில் கென்னடி அதனை ஏறத்தாழ முழுமையான வணிகத் தடையாக விரிவாக்கினார். 1963 ஜூலையில் கருவூலத் துறை வெளியிட்ட கியூபச் சொத்துக் கட்டுப்பாட்டு விதிகள், 1917ஆம் ஆண்டின் எதிரியுடன் வணிகம் செய்தல் சட்டத்தை அடிப்படையாகக் கொண்டவை. 1964 ஜூலையில் அமெரிக்க நாடுகளின் அமைப்பும் தன் உறுப்பு நாடுகள் கியூபாவுடனான தூதரக உறவையும் வணிகத்தையும் துண்டிக்க வேண்டும் எனத் தீர்மானித்தது. மெக்சிகோ அதனைப் பின்பற்ற மறுத்தது.

அமெரிக்க மூலதனம் இல்லாத அயல்நாட்டு நிறுவனத்தின் மீது இவ்விதிகள் செல்லா. பிரிட்டனின் லேலண்டு நிறுவனம் 1964இல் கியூபாவுக்குப் பேருந்துகள் விற்க ஒப்பந்தம் செய்தபோது வாஷிங்டனால் மனக்கசப்பைத் தெரிவிக்க மட்டுமே முடிந்தது. அமெரிக்கத் தாய் நிறுவனத்தின் துணை நிறுவனம் எனில் நிலை வேறு. தாய் நிறுவனத்துக்கு நெருக்கடி கொடுக்கலாம். துணை நிறுவன இயக்குநர் குழுவில் அமர்ந்துள்ள அமெரிக்கக் குடிமகனைத் தண்டிக்கவும் செய்யலாம்.

இதனால் எழுந்த பூசல்கள் கியூபாவுக்கும் முந்தியவை. கனடாவின் ஃபோர்டு நிறுவனம் சீனாவுக்கு வண்டிகள் விற்க இயலாமற்போனது குறித்து 1958இல் பிரதமர் டீஃபன்பேக்கர் ஐசனோவரிடம் முறையிட்டார். பிரான்சின் ஃப்ரூஹாஃப் வழக்கு இன்னும் கூர்மையானது. அமெரிக்கப் பங்குதாரரைப் பெரும்பான்மையாகக் கொண்ட அந்நிறுவனம், சீனாவுக்குச் செல்லவிருந்த இழுவை வண்டிகளை பெர்லியே நிறுவனத்துக்குத் தர ஒப்புக்கொண்டிருந்தது. கருவூலத் துறையின் ஆணைப்படி ஒப்பந்தத்தைக் கைவிடுமாறு தாய் நிறுவனம் பணித்தது. சிறுபான்மையினரான பிரெஞ்சு இயக்குநர்கள் நீதிமன்றம் சென்றனர். 1965 மே 22 அன்று பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒப்பந்தம் முறிந்தால் நிறுவனம் நலிந்து அறுநூறுக்கு மேற்பட்ட தொழிலாளர் வேலையிழப்பர் எனக் கருதி, தற்காலிக நிர்வாகி ஒருவரை நியமித்ததை உறுதி செய்தது. நிறுவனம் இனித் தாய் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இல்லை என்று கூறிக் கருவூலத் துறை விலகிக்கொண்டது. விதியை விட்டுக்கொடுக்காமல் தோல்வியை ஏற்கும் இந்த வழியை வாஷிங்டன் பின்னரும் மறக்கவில்லை.

புவெனஸ் அயர்ஸின் நெருக்குதல்

1973 மே 25 அன்று எக்தோர் காம்போரா அர்ஜென்டினக் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றார். மூன்று நாள்களில் கியூபாவுடன் தூதரக உறவு மீண்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் பொருளாதார அமைச்சர் ஹோசே பெர் கெல்பார்டு கியூபாவுக்குப் பெருங்கடன் ஒன்றை அறிவித்தார்: ஆண்டுக்கு 20 கோடி டாலர் வீதம் ஆறு ஆண்டுகளில் 120 கோடி டாலர். இது ரொக்கக் கடன் அன்று. அர்ஜென்டினத் தொழிற்சாலைகளின் பொருள்களை வாங்குவதற்கான கடன். அக்டோபரில் பெரோன் ஆட்சிக்குத் திரும்பிய பின்னரும் கெல்பார்டே அமைச்சராகத் தொடர்ந்தார். 1974 பிப்ரவரியில் தொழிலதிபர்கள் பலருடன் ஹவானா சென்றார்.

கியூபாவுக்குத் தேவைப்பட்ட பொருள்களில் ஊர்திகள் முதன்மையானவை. அர்ஜென்டினாவின் ஊர்தித் தொழிலோ பெரிதும் அயல்நாட்டு நிறுவனங்களின் கையில் இருந்தது. ஃபியட், பெஜோ ஆகிய ஐரோப்பிய நிறுவனங்களுக்குத் தடையேதும் இல்லை. ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் ஆகிய மூன்றும் இருபுறமும் நெருக்கப்பட்டன. விற்றால் அமெரிக்க விதி மீறப்படும். விற்க மறுத்தால் அவை இயங்கும் நாட்டின் பொருளாதாரத் திட்டம் மீறப்படும். அரசுடைமையாக்கலும் தொழிலாளர் போராட்டமும் பேச்சளவில் நில்லாத காலம் அது. பெரோன் அரசின் நிலைப்பாடு தெளிவானது: அர்ஜென்டினாவில் பதிவு பெற்ற நிறுவனம் அர்ஜென்டின நிறுவனமே. பன்னாட்டு நீதிமன்றமும் 1970 பிப்ரவரியில், பார்சிலோனா டிராக்ஷன் வழக்கில், பங்குதாரரின் நாட்டைக் கொள்ளாமல் பதிவு பெற்ற நாட்டைக் கொண்டே நிறுவனத்தின் தேசியத்தை வரையறுத்திருந்தது.

இங்கு ஒன்றை வலியுறுத்த வேண்டும். உரிமம் மறுக்கப்பட்டிருந்தாலும் கியூபா மகிழுந்துகள் இன்றி நின்றிருக்காது. ஃபியட்டும் பெஜோவும் மேலும் சில ஆயிரம் வண்டிகளை விற்றிருக்கும். தடையின் சுமை ஹவானாவைவிட ஜெனரல் பாச்செகோவிலுள்ள ஃபோர்டு தொழிற்சாலையின் மீதே இறங்கியிருக்கும். வாஷிங்டன் இதனை அறிந்திருந்தது.

உரிமம் சொன்னதும் சொல்லாததும்

அறிவிப்பு வெளியான நாளும் கவனத்துக்குரியது. வெளியுறவுச் செயலர் ஹென்றி கிஸிங்கர் அவ்வாண்டு பிப்ரவரியில் மெக்சிகோ நகரில் இலத்தீன் அமெரிக்க நாடுகளுடன் புதிய உரையாடலைத் தொடங்கியிருந்தார். அதன் தொடர்ச்சியாக அயலுறவு அமைச்சர்கள் ஏப்ரல் 17, 18 நாள்களில் வாஷிங்டனில் கூடினர். மறுநாள் அட்லாண்டாவில் அமெரிக்க நாடுகளின் அமைப்பின் பொதுப்பேரவை தொடங்கவிருந்தது. அர்ஜென்டினாவுக்கு மறுப்பளித்துவிட்டு அந்த உரையாடலை நடத்த முடியாது. அதற்கு முந்தைய மாதம், அமெரிக்கப் பெரும்பான்மைப் பங்குடைய மான்ட்ரியல் நிறுவனம் ஒன்றின் கனடிய இயக்குநர்கள் கியூபாவுக்கு இரயில் எஞ்சின்கள் விற்கத் தம் பொறுப்பில் ஒப்புதல் அளித்திருந்தனர். இசைவு பெறாமலே விற்பனை நடக்கும் நிலை நெருங்கிவிட்டது.

ஆகவே உரிமம் வழங்கப்பட்டது. ஆனால் விதிவிலக்காக வழங்கப்பட்டது. கியூபக் கொள்கையில் மாற்றமில்லை என்று வெளியுறவுத் துறை கூறியதைப் பலர் வெறும் சமாளிப்பாகக் கொள்கின்றனர். அச்சொற்களை அப்படியே ஏற்பதே பொருத்தம் என்பது என் கருத்து. விலக்கு கேட்பவர் விதியை ஒப்புக்கொண்டவராகிறார். மூன்று நிறுவனங்களும் வாஷிங்டனிடம் உரிமம் பெற்றதன் வழியாக, அர்ஜென்டினத் தொழிற்சாலையின் மீது அமெரிக்க அதிகாரம் செல்லும் என்னும் கோட்பாடு காப்பாற்றப்பட்டது. அர்ஜென்டினாவின் பார்வையில் அவ்வுரிமம் தேவையே அற்றது. தாய் நிறுவனம் தன் நாட்டு அரசோடு நடத்திய உள்விவகாரம். புவெனஸ் அயர்ஸுக்கு விற்பனை கிடைத்தது, வாஷிங்டனுக்குக் கோட்பாடு எஞ்சியது. எந்நாட்டுச் சட்டம் மேலானது என்பதை இருவரும் தீர்க்காமல் விட்டனர்.

பின்விளைவு

1975 ஜூலை இறுதியில் சான் ஹோசேயில் கூடிய அமெரிக்க நாடுகளின் அமைப்பு, கியூபாவுடனான உறவை உறுப்பு நாடுகள் தத்தம் விருப்பப்படி அமைத்துக்கொள்ளலாம் எனத் தீர்மானித்தது. ஆகஸ்ட் 21 அன்று அமெரிக்கா, அயல்நாட்டிலுள்ள துணை நிறுவனங்கள் சில நிபந்தனைகளுடன் கியூபாவோடு வணிகம் செய்ய உரிமம் பெறலாம் என விதிகளைத் திருத்தியது. மூன்று நிறுவனங்களுக்கான விலக்கு பதினாறு மாதங்களில் பொது நடைமுறையாயிற்று. அவ்வாண்டு இறுதியில் அங்கோலாவுக்குக் கியூபப் படைகள் சென்றதும் இருநாட்டுப் பேச்சு முறிந்தது. உரிம நடைமுறை மட்டும் தொடர்ந்தது. 1991இல் இவ்வழியில் நடந்த வணிகம் 71.8 கோடி டாலர் எனக் கருவூலத் துறை கணக்கிட்டது. அதில் பெரும்பகுதி உணவுப் பொருள்கள்.

ஆயினும் உரிமம் தருபவர் அதனை நிறுத்தவும் வல்லவர். 1992 அக்டோபரில் நிறைவேறிய கியூப மக்களாட்சிச் சட்டம் துணை நிறுவனங்களுக்கான உரிமங்களைத் தடை செய்தது. 1974இல் கைவிடப்படாத கோட்பாடு அதற்கு ஆயத்தமாக இருந்தது. கனடாவும் பிரிட்டனும் தம் மண்ணிலுள்ள நிறுவனங்கள் அச்சட்டத்துக்குப் பணியக் கூடாது என ஆணையிட்டன.

அர்ஜென்டினாவிலிருந்து அப்படியோர் எதிர்ப்பை எழுப்பும் அளவுக்குப் பழைய தொழில் அப்போது இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 1978இல் அங்கு உற்பத்தியை நிறுத்தியது. கிரைஸ்லரின் தொழிற்சாலையை 1980இல் ஃபோக்ஸ்வாகன் வாங்கியது. 1976க்குப் பிந்தைய இராணுவ ஆட்சியில் ஆட்களைக் கடத்திச் செல்லும் வண்டியாகி அச்சத்தின் அடையாளமான ஃபால்கனின் உற்பத்தி 1991இல் முடிந்தது. கெல்பார்டு அறிவித்த கடனின் நிலுவை இன்றும் இரு நாடுகளுக்கிடையே தீர்க்கப்படாமல் உள்ளது.