பிச்சாவரம் காடும் ஆய்வு தந்த தெளிவும்

சிதம்பரத்திற்குத் தில்லை என்ற பழம்பெயர் உண்டு என்பதை நாம் அனைவரும் அறிவோம். அது ஒரு மரத்தின் பெயர் என்பதையும், அம்மரம் உப்பங்கழி ஓரங்களில் வளரும் இயல்புடையது என்பதையும் நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இன்று அம்மரத்தைக் காண விரும்புவோர் நகரிலிருந்து கிழக்கே பிச்சாவரத்திற்குச் செல்லவேண்டும். வெள்ளாற்று முகத்துவாரத்திற்கும் கொள்ளிட முகத்துவாரத்திற்கும் இடையே ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் பரப்பில், சுரபுன்னையும் வெண்கண்டலும் தில்லையும் விளங்கும் சதுப்புநிலக் காடு அது. அலையை ஆற்றுவதால் அலையாத்திக் காடு என்று அதனை அழைப்பதாகக் கூறுவர். நம் மாவட்டத்துக் கடற்கரை மக்களின் வாழ்வோடு பிணைந்த இக்காட்டின் வரலாறு, இயற்கையைப் பற்றியும் மனிதரைப் பற்றியும் நாம் கொள்ளும் கருத்துகளை அறிவியல் எவ்வாறு திருத்துகிறது என்பதற்குச் சிறந்த சான்றாகும்.

சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் பிச்சாவரம் காட்டின் பெரும்பகுதி சிதைந்து, மரமற்ற உவர்த்தரையாகக் கிடந்தது. 'இதற்கு யார் காரணம்?' என்ற கேள்விக்கு நெடுங்காலம் ஒரே விடைதான் சொல்லப்பட்டு வந்தது. சுற்றுவட்டாரக் கிராமத்தார் விறகு வெட்டுவதும் ஆடு மாடு மேய்ப்பதுமே காட்டை அழித்தன என்பதே அவ்விடை. அக்கழிகளில் கையால் துழாவி இறால் பிடித்துப் பிழைக்கும் இருளர் குடும்பங்களும், கரையோர மீனவரும் உழவரும் இவ்வாறு காட்டின் பகைவராகக் கருதப்பட்டனர். ஏழையின் மீது பழி சுமத்துவது எவருக்கும் எளிது. அதனை எவரும் சோதித்துப் பார்ப்பதுமில்லை.

1988ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பெற்ற எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிஞர்கள், 1990களில் இக்காட்டின் மண்ணையும் நீரையும் பழைய ஆவணங்களையும் ஆராய்ந்தனர். அவர்கள் கண்டது வேறு. ஆங்கிலேயர் ஆட்சிக் காலம் முதல் 1970கள் வரை, காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறைவைத்து ஒரு பகுதியிலுள்ள மரங்கள் அனைத்தையும் ஒருசேர வெட்டி விற்கும் முறை நடைமுறையில் இருந்தது. அவ்வாறு வெட்டப்பட்ட இடத்தில் வெயில் நேரடியாக விழுந்து, மண்ணிலிருந்த நீர் வற்றியது. நீர் வற்றிய மண் சுருங்கித் தாழ்ந்து பள்ளமாயிற்று. ஏற்றத்தின் போது புகுந்த கடல்நீர் இறக்கத்தின் போது வெளியேற வழியின்றி அங்கேயே தேங்கி ஆவியாகவே, உப்பு மிகுந்து கன்றுகள் முளைக்க முடியாத நிலை ஏற்பட்டது. மேய்ச்சலால் தீங்கே இல்லை என்று ஆய்வு கூறவில்லை. எனினும் அழிவின் முதன்மைக் காரணம் நிர்வாகம் வகுத்த வெட்டுமுறையே என்பது தெளிவாயிற்று.

நோயின் காரணம் விளங்கியதும் மருந்தும் விளங்கிற்று. தேங்கிய பள்ளங்களைக் கழிகளோடு இணைத்து, மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. கடல்நீர் நாள்தோறும் வந்து மீண்டது, உப்பு குறைந்தது, நட்ட கன்றுகள் பிழைத்தன. வனத்துறையோடு சேர்ந்து இப்பணியை நிறைவேற்றியவர்கள், முன்பு குற்றவாளிகளாகக் கருதப்பட்ட அதே கிராம மக்களே என்பது குறிப்பிடத்தக்கது. 1986, 2002 ஆகிய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டபோது, காட்டின் பரப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு பெருகியிருந்தது தெரியவந்தது.

இதனையடுத்து வந்தது 2004 டிசம்பர் 26. நம் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த அந்நாளை நாம் மறக்க இயலாது. வீடிழந்து வந்த மீனவ மக்களுக்குப் பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் உணவும் தங்குமிடமும் அளித்து அரவணைத்ததை நாடே அறியும். கடலை ஒட்டிய மணல் திட்டில் அமைந்திருந்த எம்.ஜி.ஆர். திட்டு போன்ற குடியிருப்புகள் பேரழிவுக்கு உள்ளாயின. காட்டிற்குப் பின்னால் அமைந்த ஊர்களோ பெருஞ்சேதமின்றித் தப்பின. 2005ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த பன்னாட்டு அறிஞர் குழுவின் கட்டுரை, நம் மாவட்டக் கடற்கரையை ஆராய்ந்து, அலையாத்தி மரங்களும் சவுக்குத் தோப்புகளும் அலையின் வேகத்தைத் தணித்தன என்று கூறிற்று. அதே ஆண்டில், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த கதிரேசனும் அவருடன் ராஜேந்திரனும் 18 குடியிருப்புகளை ஆராய்ந்து இதே கருத்தை வெளியிட்டனர்.

ஆயினும் செய்தி அத்துடன் முடியவில்லை. 2006ஆம் ஆண்டு வேறு சில அறிஞர்கள் அதே 18 குடியிருப்புகளின் எண்களை எடுத்து மீண்டும் கணக்கிட்டனர். காப்பாற்றப்பட்ட ஊர்கள் கடலுக்குத் தொலைவிலும் மேட்டிலும் இருந்தன. உயிரிழப்பின் வேறுபாட்டை இவ்விரண்டுமே பெரிதும் விளக்குகின்றன. காட்டின் பங்கு மிகச் சிறிது என்பது அவர்களது வாதம். முதல் ஆய்வாளர்கள் மறுமொழி எழுதினர். வேறு சிலரும் அவ்வாதத்தில் கலந்து கொண்டனர். இதனைக் கண்டு, 'படித்தவர்களே ஒருவரோடொருவர் முரண்படுகிறார்களே' என்று சிலர் ஏளனம் செய்யக்கூடும். உண்மையில் இதுவே அறிவியலின் வலிமை. தன் கணக்கைப் பிறர் சரிபார்க்கும்படி திறந்து வைப்பதே அதன் நெறி. பதினோராம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், கிரேக்கப் பேரறிஞர் தாலமியின் நூல்களிலுள்ள ஐயங்களைத் தொகுத்துத் தனி நூலே எழுதினார். அப்பெரும் மரபின் தொடர்ச்சியே இது.

இவ்வாதம் ஏட்டளவில் நிற்பதன்று. 'காடு இருக்கிறது, இனி அச்சமில்லை' என்று நம்பிக் கடலோரத் தாழ்நிலத்தில் வீடு கட்டினால் உயிரே பறிபோகலாம். 'காட்டால் பயனில்லை' என்று அதனை அழித்தால் மீனும் இறாலும் வளரும் இடமும், மண்ணரிப்பைத் தடுக்கும் வேலியும் பறிபோகும். 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயல், நம் கரைக்கு ஆபத்து நீங்கிவிடவில்லை என்பதை உணர்த்திச் சென்றது. ஆகவே மேட்டு நிலம், கடலிலிருந்து போதிய தொலைவு, காக்கப்பட்ட காடு ஆகிய மூன்றும் சேர்ந்ததே பாதுகாப்பு என்று கொள்வதே அறிவுடைமை.

மண்ணின் உப்பை அளந்த ஓர் ஆய்வு, ஏழை மக்கள் மீது நெடுங்காலம் சுமத்தப்பட்டிருந்த பழியைப் பெருமளவு நீக்கியது என்பதே இவ்வரலாற்றில் நாம் முதன்மையாகக் கருதத்தக்கது. ஊரிலும் மஹல்லாவிலும் ஏதேனும் கெடுதி நேரும்போது, 'இன்னாரே காரணம்' என்று தீர்ப்புக் கூறுமுன் காரணத்தை ஆராயும் வழக்கத்தை நாமும் மேற்கொள்வோமாக. நம் பிள்ளைகளை ஒருமுறை பிச்சாவரத்திற்கு அழைத்துச் சென்று, படகிலிருந்து அவ்வாய்க்கால்களைக் காட்டி, அவை வெட்டப்பட்ட காரணத்தையும் எடுத்துச் சொல்வோமாக.