அணிகளுக்குப் பெயர் வைத்தது யார்?



நேற்று பத்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தி தமிழ்ப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள். தற்குறிப்பேற்ற அணி. "இந்தப் பேரெல்லாம் யாரு வச்சது ஆச்சி?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதே கேள்வியைப் பல வருடங்களுக்கு முன்னால் ஏழாம் வகுப்பில் ஒரு பையன் கேட்டான். "எல்லாம் தொல்காப்பியர் வச்சதுதான், உட்காரு" என்று சொல்லிவிட்டேன். அது தவறு.

தொல்காப்பியத்தில் மோனை, எதுகை, முரண், இயைபு எல்லாம் உண்டு. செய்யுளியலில் தொடை என்ற பெயரில் வருகின்றன. அணி என்று பார்த்தால், உவமை ஒன்றுக்குத்தான் உவமையியல் என்று தனி இயலே இருக்கிறது. செயல், பயன், வடிவம், நிறம் என்று எதை வைத்து ஒப்பிடுகிறோம் என்பதை நுணுக்கமாகப் பிரித்திருக்கிறார். ஆனால் நான் கரும்பலகையில் உவமைக்குப் பக்கத்திலேயே எழுதிப்போட்ட உருவகத்துக்கு அங்கே தனி இலக்கணம் கிடையாது.

மற்ற அணிகளின் நீண்ட பட்டியல் பிறகு வந்தது. பல்லவர் காலத்தில் காஞ்சிபுரத்தோடு தொடர்புடைய தண்டி என்பவர் வடமொழியில் 'காவியாதரிசம்' எழுதினார். 11ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில், புத்தமித்திரர் 'வீரசோழியம்' செய்தார். எழுத்து, சொல், பொருள், யாப்போடு அலங்காரத்தையும் ஐந்தாவதாகச் சேர்த்து, தண்டி வழியில் அணிகளைச் சொன்னார். (அவர் பௌத்தர். நம் இலக்கணத்தில் எத்தனை சமயத்தார் கை இருக்கிறது பாருங்கள்!) அடுத்த நூற்றாண்டில் வந்தது 'தண்டியலங்காரம்'. அதில் பொருளணி மட்டும் 35. பள்ளியில் நாம் படித்த அணிப் பெயர்களில் பெரும்பாலானவை அங்கிருந்து வந்தவைதான்.

அப்படியானால் அதற்கு முன்னால் நம் புலவர்களுக்கு அணி தெரியாதா? பேத்தியும் அதைத்தான் கேட்டாள். அவள் புத்தகத்திலேயே பதில் இருந்தது. கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது கோட்டைக் கொடி காற்றில் ஆடுகிறது. உள்ளே வராதீர்கள் என்று அது தடுப்பதுபோல இளங்கோவடிகளுக்குத் தோன்றுகிறது. கொடி ஆடுவது இயற்கை. தடுப்பதாகச் சொல்வது கவிஞர் தன் கருத்தை அதன்மேல் ஏற்றுவது. தற்குறிப்பேற்றத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. சிலப்பதிகாரமோ தண்டியலங்காரத்துக்குப் பல நூற்றாண்டு முந்தியது. இளங்கோ எழுதியபோது தமிழில் இந்த அணி இலக்கணம் எழுதப்படவே இல்லை.

நான் வகுப்பில் இதைத் தலைகீழாக நடத்தினேன். முதலில் பெயர், அடுத்து இலக்கணம், கடைசியில் பாட்டு. நேற்று பேத்தியிடம் பெயரை மூடி வைக்கச் சொல்லி, கொடி ஏன் அப்படி ஆடுகிறது என்று கேட்டேன். "உள்ள போனா கோவலன் செத்துருவான்ல ஆச்சி" என்றாள்.

அன்று கேள்வி கேட்ட அந்தப் பையன் இந்தக் குழுவில்தான் இருக்கிறான். தம்பி, நீ கேட்டது சரியான கேள்வி. பதில் சொல்ல டீச்சருக்கு இத்தனை வருடம் ஆகிவிட்டது.