சொந்தத் தொடரிலேயே ஓரங்கட்டப்பட்ட ஹீரோ: கன்டம் சீட் டெஸ்டினியின் கதை

முதலிலேயே சொல்லிடறேன், இதுல கதையோட முடிவு வரைக்கும் பேசப் போறோம். பார்க்காதவங்க பார்த்துட்டு வந்து படிச்சாலும் சரி.

ராட்சத ரோபோவுக்குள் மனிதன் உட்கார்ந்து ஓட்டும் கதைகளை மெக்கா அனிமே என்பார்கள். அதில் கன்டம் ஒரு தனி சாம்ராஜ்யம். 1979-ல் யோஷியுகி டொமினோ இயக்கத்தில் சன்ரைஸ் நிறுவனம் எடுத்த முதல் தொடருக்கு ஆரம்பத்தில் வரவேற்பே இல்லை. ஸ்பான்சர் ஒரு பொம்மைக் கம்பெனி. 52 எபிசோட் திட்டமிட்டு 43-லேயே முடித்துவிட்டார்கள். மறு ஒளிபரப்பும், 1980-ல் பண்டாய் வெளியிட்ட பிளாஸ்டிக் மாடல்களும்தான் அதைத் தூக்கி நிறுத்தின. அன்றிலிருந்து கதையும் பொம்மை வியாபாரமும் இந்த வரிசையில் ஒட்டிப் பிறந்த இரட்டையர்.

2002 அக்டோபரில் வந்த கன்டம் சீட் பெரிய ஹிட். இயக்கியவர் மிட்சுவோ ஃபுகுடா. கதை அமைப்பு அவரது மனைவி சியாகி மொரோசாவா. ஹீரோ கிரா யமாட்டோ, அவன் நண்பன் அஸ்ரான் ஜாலா ரெண்டு பேருக்கும் ரசிகர் பட்டாளம் சேர்ந்தது. அடுத்த பாகம் வராமல் இருக்குமா? 2004 அக்டோபரில் சீட் டெஸ்டினி ஆரம்பித்தது. 50 எபிசோட்.

அதன் தொடக்கம் நிஜமாவே அருமை. முந்தைய தொடரில் நாம் கைதட்டிப் பார்த்த ஓர்ப் நாட்டுப் போர், இந்த முறை கீழே ஓடும் ஒரு குடும்பத்தின் பக்கத்திலிருந்து காட்டப்படுகிறது. மேலே கிராவின் ஃப்ரீடம் எதிரிகளோடு மோதிக்கொண்டிருக்கிறது. தங்கச்சி தவறவிட்ட செல்போனை எடுக்க ஷின் அசுகா என்ற பையன் சரிவில் இறங்குகிறான். வெடிச் சத்தம். திரும்பிப் பார்த்தால் அப்பா, அம்மா, தங்கச்சி யாரும் உயிரோடு இல்லை. அந்த செல்போன் மட்டும் கையில். இவன்தான் புது ஹீரோ.

யோசிச்சுப் பாருங்க. பழைய ஹீரோவின் வீரம் இன்னொருத்தன் வீட்டுக்கு என்ன விலை வைத்தது என்ற கேள்வியோடு ஒரு தொடர் தொடங்குது. இதைவிட நல்ல விதை கிடைக்குமா? எட்டாவது எபிசோடில் ஷின்னும் கிராவும் கடலோர நினைவிடத்தில் சந்திக்கிறார்கள். யார் யாரென்று ரெண்டு பேருக்கும் தெரியாது. அந்தக் காட்சி பிற்பாடு வரப்போகும் பெரிய மோதலுக்கு வைத்த திரி என்றுதான் எவரும் நினைப்பார்கள்.

திரி பாதி வரை எரிந்தது. காப்பாத்துறேன்னு ஷின் வாக்குக் கொடுத்த ஸ்டெல்லா, பெர்லின் போரில் கிராவின் கையால் சாகிறாள். 34-வது எபிசோடில் ஷின் ஃப்ரீடத்தை வீழ்த்துகிறான். தொடரின் உச்சம் அதுதான். சறுக்கலும் அங்கேதான் ஆரம்பம்.

கிரா சாகவில்லை. 39-வது எபிசோடில் ஸ்ட்ரைக் ஃப்ரீடம் என்ற புது ரோபோவோடு வருகிறான். அஸ்ரானுக்கும் புது ரோபோ. அதற்குப் பிறகு கேமரா ஷின் பக்கம் திரும்புவதே அபூர்வம். கடைசிப் போரில் அஸ்ரானிடம் தோற்று, லூனமரியா மடியில் அழுவதோடு அவன் கதை முடிகிறது. வில்லன் டுராண்டலை எதிர்கொள்வது கிரா. ஷின்னுக்குக் கடைசி வரை எந்த முடிவும் சொந்தமாக எடுக்க வாய்ப்பே தரப்படவில்லை.

மற்ற கதாபாத்திரங்களும் இப்படித்தான். ஷின்–லூனமரியா காதல் எங்கே முளைத்தது என்றே தெரியாது. முதல் தொடரில் செத்த மூ லா ஃப்ளாகா முகமூடியோடு திரும்புகிறார். அன்று விண்வெளியில் அவருடைய உடைந்த ஹெல்மெட் மிதந்ததை எல்லாரும் பார்த்தோம். பின்னால் வந்த தொகுப்புப் பதிப்பில் அந்த ஹெல்மெட்டையே எடுத்துவிட்டார்கள்! நடுநடுவே 20, 29, 41 என்று பழைய காட்சிகளை ஒட்டிய எபிசோடுகள் வேறு. ஆனால் மரபணுவைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் தொழில் ஒதுக்கும் டுராண்டலின் திட்டம் 48-ஐ ஒட்டித்தான் முழுசா வெளிவருகிறது. அதுக்கு ஒரு விவாதம்கூட நடக்கல, நேரா பீரங்கிதான்.

பழைய ஹீரோக்களைத் திரும்பக் கொண்டுவந்ததுதான் தப்பா? இல்லை. 1985-ல் டொமினோவே ஜீட்டா கன்டமில் இதைச் செய்தார். முதல் தொடரின் சார் வேறு பெயரில் வருகிறான். அமுரோவும் வருகிறான். இருவரும் ரசிகர்களுக்கு உயிர். ஆனாலும் கதை கடைசி நொடி வரை கமில் என்ற புதுப் பையனுடையது. பழையவர்கள் போரில் களைத்தவர்களாக, குறையுள்ள பெரியவர்களாக நின்றார்கள். டெஸ்டினியில் கிராவிடம் குறை சொல்ல ஆளே இல்லை. சொல்ல உரிமை இருந்த ஒரே ஆளைத்தான் ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள்.

2005 டிசம்பரில் கடைசி எபிசோடைத் திருத்தி மறுபடி ஒளிபரப்பினார்கள். அதே நினைவிடம், கிரா கை நீட்டுகிறான், ஷின் அழுதபடி பிடித்துக்கொள்கிறான். பார்க்க நெகிழ்ச்சிதான். ஆனா செத்துப்போன குடும்பத்துக்கு யார் பதில் சொல்றது? இழந்தவன் தலைகுனிந்ததை சமாதானம் என்று பெயர் வைத்தது போலத்தான் எனக்குப் படுது.

மொரோசாவா 2016-ல் காலமானார். 2024 ஜனவரியில் ஃபுகுடா இயக்கிய சீட் ஃப்ரீடம் படம் 500 கோடி யென்னுக்கு மேல் வசூலித்தது, கன்டம் படங்களிலேயே அதுவரை இல்லாத சாதனை. அதில் ஷின் சிரிக்கிறான், கலக்கலாகச் சண்டை போடுகிறான், தியேட்டரில் ரசிகர்களுக்குக் கொண்டாட்டம். அந்தப் பையனை மக்கள் எவ்வளவு நாளாகக் காத்திருந்து நேசித்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் அங்கேயும் அவன் கிராவின் விசுவாசமான சிப்பாய்தான்.

அப்போ டெஸ்டினி பார்க்கலாமா? தாராளமா பாருங்க, குறிப்பா 34 வரைக்கும். அதுக்கப்புறம் ஜீட்டாவையும் பாருங்க. ஒரே பிரச்சினையை ரெண்டு தொடர்கள் எப்படிக் கையாண்டன என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தன்னால் புரியும்.