கலங்கரை விளக்கமும் கடற்குறிகளும்: பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னைக் கரையை முன்வைத்து ஓர் ஆய்வு

‘கலங்கரை விளக்கம்’ என்னும் தொடரைக் ‘கலத்துக்குக் கரையைக் காட்டும் விளக்கு’ என விரித்துப் பொருள் கூறுவார் இன்றும் பலர் உளர். அவ்வாறு கொள்ளின், அத்தொடரில் வரும் ‘கரை’ நிலத்தைக் குறிக்கும் பெயராகும். பழைய உரையாசிரியர் கருத்து அஃதன்று. கரைதலாவது அழைத்தல், எனவே கலத்தை அழைக்கும் விளக்கு என்பதே அவர்கள் கண்ட பொருள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை இதற்குத் தக்க சான்று. ஏணி சார்த்தியும் ஏறுதற்கரிய உச்சியையுடைய மாடத்தில் இரவில் மூட்டிய தீ, கடலில் ஓடும் கலங்களை அழைத்ததாக அந்நூல் கூறுகின்றது. அங்குக் ‘கரை’ வினையாகவே நிற்றலின் ஐயத்துக்கு இடமில்லை.

சொற்பொருள் இவ்வாறு தெளிவாயினும், பொருள்வரலாறு பற்றிய வினா ஒன்று எஞ்சுகின்றது. விளக்கு அழைக்கின்றது என்றால், அஃது என்ன சொல்லி அழைக்கின்றது? சிலப்பதிகாரத்துக் கடலாடு காதை புகார்க் கடற்கரையில் ஒளிவிட்ட விளக்குகளை நிரல்பட அடுக்கிச் சொல்கின்றது. பண்டம் விற்போர் விளக்கு, பரதவர் விளக்கு, வேற்றுமொழி பேசுவோர் விளக்கு என்னும் இவற்றிடையேதான் கலங்கரை விளக்கமும் எண்ணப்படுகின்றது. கடலில் வரும் மாலுமிக்கோ இரு செய்திகள் வேண்டும். கரை அணிமையில் உள்ளது என்பது ஒன்று. இஃது இன்ன கரை என்பது மற்றொன்று. முன்னதைச் சொல்ல எந்தத் தீயும் போதும். பின்னதைச் சொல்ல வெறுந்தீ போதாது. விளக்கு தன் பெயரைத் தானே சொல்லக் கற்ற காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டு எனலாம். அவ்வரலாற்றைச் சென்னைக் கரையை முன்வைத்து ஈண்டு ஆராய்வோம்.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. கரை நேர்கோடாய் ஓடுகின்றது; அலை ஓயாது புரள்கின்றது. கப்பல்கள் கரைக்குச் சேய்மையில் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டன. மக்களும் சரக்கும் கயிற்றால் தைத்த பலகைகளாலாகிய மசூலாப் படகுகளில் அலையைக் கடந்து கரை சேர்ந்தனர். ஆகவே, சென்னை விளக்கின் பணி கலத்தைத் துறைக்குள் புகுத்துவதன்று. நங்கூரமிடத்தக்க இடத்தை உணர்த்தி, அங்கே நிறுத்துவதேயாகும். அழைக்கும் விளக்கே எல்லையும் வகுத்தது என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

கும்பினியார் காலத்தில், 1796-ஆம் ஆண்டு, புனித சார்ச்சுக் கோட்டையுள் வணிகர் கூடும் மாளிகையின் மேல்தளத்தில் முதல் விளக்கு ஏற்றப்பட்டது. அதற்குத் தேங்காயெண்ணெய் ஊற்றினர். அம்மாளிகை 1948 முதல் கோட்டை அருங்காட்சியகமாக விளங்குகின்றது. விளக்குக்கெனத் தனிக் கட்டடம் எழுப்பாது, வாணிகம் நிகழ்ந்த மாளிகையின் உச்சியிலேயே அதனை வைத்தமை கருதத்தக்கது. கப்பலை எதிர்நோக்கியிருந்தோர் கீழே. கப்பலை அழைத்த ஒளி மேலே.

தனிக் கட்டடம் அடுத்த விளக்குக்கே வாய்த்தது. கோட்டைக்கு வடக்கே, இன்று உயர்நீதிமன்ற வளாகமாக உள்ள இடத்தில், கிரேக்க முறையில் அமைந்த உயர்ந்த கற்றூண் ஒன்றின் பணி 1838-இல் தொடங்கியது. பல்லாவரத்துக் கருங்கல் கொண்டு அதனை அமைத்தவர் சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த சே. தா. சுமித்து என்னும் கேப்டன். சுண்ணாம்புச் சாந்து பற்றி விக்கா என்னும் பிரெஞ்சு அறிஞர் எழுதிய நூலை 1837-இல் ஆங்கிலத்தில் பெயர்த்தவரும் இவரே. 1844 சனவரி முதல் நாளன்று இத்தூணில் விளக்கு எரியத் தொடங்கியது.

உயரம் வேண்டப்பட்டதன் காரணம் வெளிப்படை. ஒளி எத்துணை வன்மையுடையதாயினும் உலகின் வளைவு அதனை மறைக்கும். கடல்மட்டத்துக்கு மேல் 100 அடி உயரத்திலுள்ள ஒளி ஏறத்தாழ 12 கடல்மைல் வரை நீர்மட்டத்தைத் தொடும். 175 அடியாயின் 15 கடல்மைலுக்குச் சற்று மிகும். கப்பலின் மேல்தளத்தில் நிற்பவனுக்கு இன்னும் சில மைல் கூடும். தமிழ்ப் புலவர் மாடத்தின் உயரத்தை விதந்து கூறியது புனைந்துரை மட்டுமன்று; கண்டறிந்த உண்மையும் ஆகும்.

உயரத்தோடு ஒளியின் வன்மையும் அந்நூற்றாண்டில் வளர்ந்தது. ஆர்காண்டு என்பார் 1780-களில் கண்ட விளக்கில், உள்ளே வெற்றிடமுள்ள வட்டத்திரியின் நடுவே காற்றுப் புகுந்து சுடரைத் தெளிவாக்கியது. பிரெனெல் என்பார் பட்டைக் கண்ணாடி வளையங்களை அடுக்கி, நாற்புறமும் சிதறும் ஒளியைக் கடல்நோக்கி ஒருமுகப்படுத்தினார். அவ்வமைப்பு 1823-இல் பிரான்சு நாட்டுக் கோர்துவான் விளக்கில் முதன்முதலாக நிறுவப்பட்டது. அதனைச் சுழலச் செய்தபோது ஒளி விட்டுவிட்டுத் தோன்றியது. இத்தனை நொடிக்கு ஒருமுறை மின்னுவது இன்ன ஊர் விளக்கு என வரையறுத்து, அதனை அச்சிட்ட பட்டியலில் சேர்த்தனர்.

இங்கே நம் இலக்கண மரபு துணைசெய்கின்றது. நன்னூலார் பெயர்களை இடுகுறி, காரணம் என வகுப்பர். மாடத்துத் தீ காரணக்குறி போன்றது. கண்டவன் எவனும் அங்கே மக்கள் உளர் என உணர்வான். நொடிக்கணக்கில் மின்னும் ஒளியோ இடுகுறி. முன்னரே கற்றவனுக்கன்றிப் பொருள் தராது. கடலில் மிதக்கவிட்ட குறிகளும் அத்தகையனவே. நாடுதோறும் வேறுபட்டிருந்த அவற்றின் நிறத்தையும் வடிவத்தையும் ஒரு நெறிப்படுத்த 1889-இல் வாசிங்டனில் கூடிய பன்னாட்டு மாநாடு முயன்றது. இடுகுறிக்குப் பலரது உடன்பாடு இன்றியமையாதது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

பகற்குறிகளும் இவற்றோடு ஒருங்கெண்ணத்தக்கன. மாமல்லபுரத்தை ஐரோப்பிய மாலுமிகள் ‘ஏழு கோயில்’ என்னும் பொருள்படும் பெயரால் வழங்கினர். இறைவனுக்கு எடுத்த கோயில் மாலுமிக்கு அடையாளமாயிற்று. 1887-இல் அங்குள்ள குன்றின்மேல் பல்லவர் எடுத்த ஒலக்கணேசுவரர் கோயிலின் உச்சியிலேயே விளக்கு வைக்கப்பட்டது. பின்னரே அதனருகில் தனிக் கோபுரம் எழுந்தது. பெரும்பாணாற்றுப்படை கூறும் நீர்ப்பெயற்று என்னும் பட்டினம் மாமல்லபுரமே எனக் கருதுவாரும் உளர். அக்கருத்து நிலைபெறுமாயின், அழைக்கும் தீ பல நூற்றாண்டு கழித்து அவ்விடத்துக்கே மீண்டதாகும்.

இனி, அழைப்புக்கு மறுதலையான குறியையும் காண்போம். சென்னையில் பகலில் கொடிகள் பேசின. அலை மிகும்போது படகு இறங்கலாகாது எனக் கொடி தடுத்தது. புயல் நெருங்கின், நங்கூரம் எடுத்து ஆழ்கடலுக்கு அகலுமாறு கப்பல்களை ஏவியது. ஒதுங்கத் துறை இல்லாத இடத்தில் கரையே பகை. 1872 மே மாதப் புயலில், நங்கூரமிட்டிருந்த கப்பல்கள் பல கரையில் மோதி அழிந்தன. பின்னர்த் தொடங்கிய செயற்கைத் துறைமுகமும் முற்றுப்பெறுமுன் 1881-ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்து, மீண்டும் கட்டப்பட்டது. ஆகவே, அழைத்தலும் அகற்றலும் ஒரே கரையின் இரு குரல்கள்.

1892-இல் உயர்நீதிமன்றக் கட்டடம் நிறைவுற்றது. அதன் மாடங்களுள் உயர்ந்ததன் மேல், ஏறத்தாழ 175 அடி உயரத்தில், 1894 சூன் முதல் நாள் மூன்றாம் விளக்கு ஏற்றப்பட்டது. பழந்தூண் ஒளியிழந்து அருகிலேயே நின்றது. வணிகர் மாளிகையில் தொடங்கிய ஒளி, நூறாண்டு நிறையுமுன் நீதிமன்றத்தின் முடியில் அமர்ந்தமை ஆட்சி வளர்ந்த முறையையும் காட்டும்.

அழைக்கும் ஒளி அழைக்கத்தக்கார் இவர் எனத் தெரிந்து அழைப்பதில்லை. 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு செருமானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னையை அணுகி எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டபோது, இம்மூன்றாம் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அச்சிட்டுப் பரப்பிய குறியைப் பகைவனும் படித்திருந்தான். மெரீனாக் கரையில் 1977-இல் நான்காம் விளக்கு அமைந்த பின்னரே நீதிமன்ற விளக்கு ஓய்வு பெற்றது.

இதுகாறும் கூறியவற்றால் ஒன்று துணியலாம். கலங்கரை விளக்கம் என்னும் தொடரின் உயிர் ‘கரைதல்’ என்னும் வினையில் உள்ளது. அதனை நிலமெனக் கொள்வோர் விளக்கை வாய்பேசாக் கல்லாக்கி விடுகின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் வரலாறு அவ்வினையை மறுக்கவில்லை; விரித்தது. அழைத்தது, பெயர் சொல்லியது, எல்லை வகுத்தது. கொடியோ, அகலுமாறும் ஏவியது. அகராதி தொகுப்போர் இத்தொடருக்கு அழைத்தற்பொருளையே முதற்கண் தருதல் வேண்டும். கடற்றொழிலாளர் வழக்கிலுள்ள குறிப்பெயர்களையும் நம் மாணவர் கரைதோறும் சென்று திரட்டுதல் வேண்டும். நூலில் ஏறாத அச்சொற்கள், அவற்றை வழங்குவோர் குறையக் குறைய மறைந்துபோகும் என்பதை நாம் மறத்தலாகாது.