ஊரின் பெயரில் சங்கம், புலவரின் பெயரில் பள்ளி

குடிபெயர்ந்தோர் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவர்கள் கப்பலேறிய காலத்தையும் ஈட்டிய பொருளையுமே கணக்கிடுவர். சென்ற இடத்தில் அவர்கள் எதனை நடுவாகக் கொண்டு ஒன்றுகூடினர் என்பது அதனினும் நுட்பமான வினாவாகும். சிங்கப்பூரில் குடியேறிய கடையநல்லூர் முஸ்லிம்களின் வரலாறு இவ்வினாவிற்கு நல்லதொரு விடை தருகின்றது.

சிங்கப்பூரில் தமிழர் தொடக்கத்தில் எழுப்பியவை வழிபாட்டு இடங்களே. சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற சூலியா முஸ்லிம்கள் 1826இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ பள்ளிவாசலை நிறுவினர். தெலோக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா 1830க்குள் எழுந்தது. நகரத்தார் 1859இல் தண்டாயுதபாணிக்குக் கோயில் எடுத்தனர். இவ்வணிகருள் பெரும்பாலோர் மனைவி மக்களை ஊரில் விட்டுத் தனியே சென்றவர்கள். தொழுகையிடமும் கிட்டங்கியும் அவர்கள் தேவைக்குப் போதுமானவையாக இருந்தன. தவணை முடிந்ததும் ஊர் திரும்புவோருக்குச் சென்ற இடத்தில் பள்ளிக்கூடம் எதற்கு?

கடையநல்லூராரின் நிலை வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், அந்நாளைய திருநெல்வேலி மாவட்டத்தில் அமைந்திருந்த அவ்வூர் 2019 முதல் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது. கைத்தறி நெசவே அவ்வூர் முஸ்லிம்களின் குலத்தொழில். தறி வயிற்றுக்குப் போதாத காலத்தில் கடல்கடந்த அவர்களுள் பலர் குடும்பத்தோடு சென்று, துறைமுகத்தை அடுத்த தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியமர்ந்தனர். ஆடவர் கூலி வேலைக்கும் சிறு வணிகத்திற்கும் செல்ல, பெண்டிர் மசாலை அரைத்துச் சந்தையில் விற்றனர். சிங்கப்பூர்த் தமிழ் முஸ்லிம்களைப் பற்றி எழுதிய ஆய்வாளர்கள் குடும்பத்தோடு குடியேறிய இவ்வியல்பைத் தனித்துக் குறிப்பிட்டுள்ளனர். அம்மி அரைபடும் இடத்தில் அடுப்பு எரியும். அடுப்பு எரியும் இடத்தில் தொட்டில் ஆடும். குழந்தைகள் பிறந்து வளர்ந்த பிறகு, விட்டுவந்த ஊரைப் பற்றிய ஏக்கத்தைவிட அவர்களுக்கு எதைக் கற்பிப்பது என்ற கவலையே பெரிதாகின்றது.

1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தோன்றியது. அவ்வாண்டு டிசம்பரிலேயே சிங்கப்பூர்மீது சப்பானியர் குண்டு வீசினர். 1942 பிப்ரவரி 15இல் தீவு வீழ்ந்தது. மூன்றரை ஆண்டு ஆட்சியின் அல்லலுக்குப்பின் போர் ஓய்ந்தது. மறு ஆண்டிலேயே, அதாவது 1946இல், அச்சங்கம் தமிழ்ப் பள்ளியொன்றைத் தொடங்கியது. உணவே அரிதாயிருந்த நாளில் நெசவாளர் வழிவந்த ஒரு சிறு கூட்டம் எழுத்தறிவிற்கு முதலிடம் தந்தமை நினைவுகூரத்தக்கது.

பள்ளிக்கு இடப்பட்ட பெயர் மேலும் எண்ணத்தக்கது. சங்கத்திற்கு ஊரின் பெயர். பள்ளிக்கோ உமறுப் புலவரின் பெயர். நபிகள் நாயகத்தின் வாழ்வைச் சீறாப்புராணமாகப் பாடிய 17ஆம் நூற்றாண்டுப் புலவர் அவர். எட்டயபுரத்துக் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் பயின்றவர் என்பது மரபுச் செய்தி. அரபு நாட்டைப் பாடப் புகுந்த அவர், நாட்டுப் படலத்தில் மழையும் ஆறும் நெல்வயலுமாக அதனைத் தமிழ் நிலமாகவே புனைந்தார். தொலைநாட்டைத் தமிழால் தன்னதாக்கிக்கொண்ட புலவரின் பெயர், தொலைநாட்டில் தமிழால் வேரூன்ற முனைந்தோர் பள்ளிக்கு எத்துணைப் பொருத்தம்! அப்பெயரில் நெல்லைச் சீமையும் உண்டு, சமயமும் உண்டு; இரண்டையும் தாங்கும் மொழியும் உண்டு. ஊர்ப்பற்று தன் எல்லையைத் தானே கடந்த இடம் இதுவெனலாம்.

அக்காலச் சிங்கப்பூரில் இவ்வுணர்வு பரவலாக அரும்பியிருந்தது. 1935இல் தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி, ஊராலும் சாதியாலும் சமயத்தாலும் பிரிந்திருந்தோரை ஒன்றுகூட்ட 1952இல் தமிழர் திருநாளை முன்னின்று நடத்தினார். பலரையும் ஒரு மேடைக்கு அழைப்பது அவர் வழி. ஓர் ஊரார் தம் முற்றத்தைப் பொதுமொழிக்குத் திறந்துவிடுவது கடையநல்லூரார் வழி. இரண்டும் ஒரே இடத்திற்குத்தான் வந்து சேர்ந்தன.

1960இல் பள்ளி உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. ஆயினும் காலம் எதிர்த்திசையில் ஓடியது. பிழைப்புக்கு ஆங்கிலமே துணையெனக் கருதிய பெற்றோர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளில் சேர்த்தனர். வீடமைப்புப் பேட்டைகள் பெருகப் பெருக, அடுத்தடுத்து வாழ்ந்த குடும்பங்கள் தீவெங்கும் சிதறின. 1982இல் உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி மூடப்பட்டது. சிங்கப்பூரின் கடைசித் தமிழ்வழிப் பள்ளி அதுவே.

இதனைத் தோல்வி என்று எழுதி முடித்துவிடல் எளிது. அரசின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாகத் தமிழ் நிலைபெற்றும், தமிழ்வழிக் கல்வியை அந்நிலையால் காக்க இயலவில்லை என்பது மறுக்கவியலா உண்மை. பயிற்றுமொழியாயிருந்த தமிழ் பாடமொழியாய்ச் சுருங்கியது. தம் பள்ளியில் தாமே பிள்ளைகளைச் சேர்க்காத ஒரு சமூகத்திற்காக எந்தச் சங்கமும் பள்ளி நடத்த முடியாது.

ஆயினும் பெயர் அழியவில்லை. பீட்டி சாலையில் இயங்கும் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்தில், தம் பள்ளியில் தமிழ் கற்க வாய்ப்பில்லாத மாணவர்கள் கூடிப் பயில்கின்றனர். கடையநல்லூரை வரைபடத்திலும் கண்டிராத பிள்ளைகளும், பிற சமயப் பிள்ளைகளும் அப்புலவரின் பெயரைச் சொல்லியே உள்ளே நுழைகின்றனர். அதே நகரில், மேக்ஸ்வெல் உணவங்காடி அமைந்துள்ள தெருவிற்குக் கடையநல்லூர்த் தெரு என்று பெயர். அங்கே உணவருந்தச் செல்வோருள் எத்தனை பேர் அப்பெயரின் பொருளை நினைப்பர்?

ஊரின் பெயர் தெருப்பலகையில் நிற்கின்றது. புலவரின் பெயர் வகுப்பறையில் ஒலிக்கின்றது. நினைவை மட்டும் போற்றும் அமைப்பு அதனை நினைப்போர் உள்ளவரை வாழும். அடுத்த தலைமுறையின் நாவில் மொழியை வைக்கும் அமைப்பு தன்னை அறியாதோரிடத்தும் வாழும். பத்தாண்டு கண்ட இலக்கிய அமைப்புகளும் கடையநல்லூர் நெசவாளரிடம் கற்கத்தக்க பாடம் இது.